டயரில் செதில் எழுந்தால்

கேள்வி: ஐயா, சொந்தமாக ஒரு செடான் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். விடியற்காலை விமான நிலையச் சவாரிதான் அதிகம். மூன்று மாதங்களாக, வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்பக்கத்திலிருந்து 'ஊம்' என்று ஓர் இரைச்சல் எழுகிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. பட்டறையில் பேரிங் என்றார்கள். முன்சக்கர பேரிங் இரண்டையும் மாற்றியும் சத்தம் இம்மியளவும் குறையவில்லை. இப்போது கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவு எனக்குத் தாங்காது. டயர்களில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் மேடுகள், இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. பின் டயர்கள் இரண்டும் போட்டதிலிருந்து இடம் மாற்றாமல் 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. என்ன செய்யட்டும்?
– ஓர் ஓட்டுநர், காசிமேடு

பதில்: தம்பி, கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். சத்தம் பின்னாலிருந்து வருகிறது என்கிறீர்கள்; மாற்றியதோ முன்சக்கர பேரிங். படித்ததும் மனம் கொதித்தது. இரவெல்லாம் கண்விழித்துச் சேர்த்த சவாரிக் காசு அந்த இரண்டு பேரிங்கில் போயிருக்கிறது.

நாளைக் காலை வண்டியை எடுப்பதற்கு முன் பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். முதலில் பட்டன்களுக்கு நடுவே ஆணி, கம்பி ஏதும் குத்தியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் நம் சாலைகளில் டயரில் ஏறாத இரும்பு கிடையாது. பிறகு உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, சக்கரம் உருளும் போக்கிலேயே ஒரு முறை தடவுங்கள். அடுத்து எதிர்ப்போக்கில் ஒரு முறை தடவுங்கள்.

காசிமேட்டுக்காரருக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொடுவாவைத் தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகும். வாலிலிருந்து தலையை நோக்கித் தடவினால் செதில் ஒவ்வொன்றும் விரலில் தட்டும். உங்கள் பின் டயரும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு போக்கில் வழவழப்பாகவும் மறு போக்கில் ரம்பம் போலவும் இருக்கும். ஒவ்வொரு பட்டனிலும் ஓர் ஓரம் உயர்ந்தும் மறு ஓரம் சரிந்தும் தேய்ந்திருக்கும். கண்ணுக்கு இது எளிதில் தெரியாது. நின்றுகொண்டு மேலே இருந்து பார்த்தால் "பட்டன் நன்றாகத்தானே இருக்கிறது" என்றுதான் தோன்றும். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

உங்களுடையது முன்சக்கரம் இழுக்கும் வண்டியாகத்தான் இருக்கும். அதில் பின்சக்கரங்களுக்கு இழுக்கும் வேலை இல்லை, பெரும்பாலான நேரம் பாரமும் குறைவு. பின்னால் உருண்டு வருவதோடு சரி. பட்டன் ஒவ்வொன்றும் சாலையை விட்டு எழும் கணத்தில் அதன் பின்னோரம் சற்று இழுபட்டுத் தேய்கிறது. ஒரே இடத்தில் ஒரே திசையில் 38,000 கிலோமீட்டர் ஓடினால் அந்தச் சிறு தேய்மானம் செதிலாக எழுந்துவிடும். செடான் கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டு மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு எட்டு முறைக்கு மேல் சுற்றுகிறது. ஒரு வரிசையில் 60 பட்டன் இருந்தால் விநாடிக்கு ஐந்நூறு தடவை சாலையைத் தட்டும். நீங்கள் கேட்கும் 'ஊம்' அதுதான்.

ஆனால் பின்சக்கர பேரிங் கெட்டாலும் ஏறக்குறைய இதே குரலில்தான் முனகும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மூன்று சோதனைகள் உண்டு. சாலையின் மேற்பரப்பு மாறும் இடத்தில் காதைக் கொடுங்கள். சொரசொரப்பான பழைய தாரிலிருந்து புதுத் தாருக்கோ கான்கிரீட்டுக்கோ ஏறும்போது சத்தத்தின் குரல் மாறினால் அது டயர். எந்தச் சாலையிலும் ஒரே குரல் என்றால் பேரிங். அடுத்து, காலியான அகலச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஸ்டீயரிங்கை மெல்ல வலப்பக்கமும் இடப்பக்கமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைந்தால் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங். இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலப்பக்கத்தது. டயர் சத்தம் இதற்கெல்லாம் அதிகம் அசையாது.

மூன்றாவது சோதனையைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். சமதரையில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, கியரில் நிறுத்தி, கை பிரேக்கை விடுவியுங்கள். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டெப்னியை வண்டியின் அடியில் படுக்க வையுங்கள். ஜாக்கி சரிந்தால் வண்டி அதன் மேல் நிற்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். இப்போது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை இரண்டு விரல்களால் தொட்டபடி மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பேரிங் கெட்டிருந்தால் அம்மியில் மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் ஸ்பிரிங் வழியே விரலுக்கு வரும். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றுமே தெரியாது. காதைவிட விரல் இதில் கூர்மையானது.

பேரிங் நல்லது என்று தெரிந்தால், பின் டயர் இரண்டையும் குறுக்காக மாற்றி முன்னால் போடச் சொல்லுங்கள். வலப்பின் இடமுன்னாகவும் இடப்பின் வலமுன்னாகவும் வர வேண்டும். முன் டயர்கள் நேராகப் பின்னால் போகும். டயரின் பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் மட்டும் குறுக்கே மாற்றக் கூடாது, அதே பக்கத்தில் முன்பின்னாக மாற்ற வேண்டும். மாற்றியபின் இரைச்சல் முன்பக்கம் வந்துவிட்டால் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இல்லை. கூலி மட்டும்தான் செலவு. இதை முதல் நாளே யாராவது செய்திருந்தால் இரண்டு பேரிங்கும் உங்கள் காசும் மிஞ்சியிருக்கும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய அன்றே சத்தம் நின்றுவிடாது. எழுந்த செதில் எதிர்த்திசையில் உருண்டு தேய்ந்து சமமாக ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் ஆகலாம். ஆழமாகத் தேய்ந்திருந்தால் முழுவதும் போகாமலும் இருக்கலாம். "மாற்றியும் போகவில்லையே" என்று இந்த இடத்தில் பொறுமையிழந்துதான் பலரும் மறுபடி பேரிங், கியர்பாக்ஸ் என்று காசைக் கொட்டுகிறார்கள். இனி 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுங்கள்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி, டயரைத் தொடும்போது கண்ணை மூடிக்கொள்வார். வண்டி வந்து நின்றதும் ஸ்பேனரை எடுக்க விடமாட்டார். நான்கு டயரையும் தடவி முடித்து, ஒவ்வொன்றின் மேலும் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் போக்கில் தட்டுகிறது என்பதற்கு அவரிடம் தனித்தனிக் குறிகள் இருந்தன. அதன் பிறகுதான் ஜாக்கி. தண்டையார்பேட்டையில் அலைன்மென்ட் பட்டறை வைத்து முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. கணினி, கேமரா எல்லாம் வந்துவிட்டன. இன்றும் என் பட்டறையில் முதல் வேலை சாக்குக்கட்டிதான்.

கேள்வி: என் காரின் முன் இடப்பக்க டயர் உள்ஓரத்தில் மட்டும் மொட்டையாகிவிட்டது. வெளிப்பக்கம் புதிது போல இருக்கிறது. ஒரே ஆண்டில் மூன்று முறை அலைன்மென்ட் செய்தேன். ஒவ்வொரு முறையும் "எல்லாம் சரியாகிவிட்டது" என்கிறார்கள். வண்டியும் நேராகத்தான் ஓடுகிறது. போன மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கியது.
– ஒரு வாசகர், மணலி புதுநகர்

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும், ஐயா. அந்தப் பள்ளத்தில்தான் கதை தொடங்குகிறது.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை அளவெடுத்துத் திருத்துவது. அளக்கப்படும் பொருள் ஆடினால் அளவுக்கு மதிப்பில்லை. கீல் கழன்று ஆடும் கதவில் தாழ்ப்பாளைச் சரிசெய்வது போலாகும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், சக்கரம் திரும்ப இடங்கொடுக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் தளர்ந்திருந்தால், நின்ற இடத்தில் கணினி எல்லாம் சரி என்று பச்சை நிறம் காட்டும். பிரேக் போட்டதும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். ஆகவே சக்கரத்தைத் தூக்கி, முதலில் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பிறகு 3, 9 இருக்கும் இடங்களைப் பிடித்து ஆட்டவேண்டும். அங்கே மட்டும் ஆட்டம் இருந்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் பக்கம் பாருங்கள். புஷ்ஷை டார்ச் அடித்து, நெம்புகோல் வைத்து அசைத்துத்தான் பார்க்க முடியும்.

ஆட்டம் எதுவும் இல்லையென்றால், மறுபடி உள்ளங்கை. இந்த முறை குறுக்கே, டயரின் உள்ஓரத்திலிருந்து வெளிஓரத்துக்கும் திரும்ப உள்ளேயும் தடவுங்கள். இரண்டு போக்கிலும் வழவழவென்று, உள்ஓரம் மட்டும் சரிந்து தேய்ந்திருந்தால் அது கேம்பர். சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. பள்ளத்தில் விழுந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்தால் இப்படி ஆகும். செதில் தட்டினால் அது டோ, அதாவது சக்கரங்கள் முன்புறம் விரிந்தோ குவிந்தோ நிற்கும் கோணம். வெளியே போகும்போது வழுக்கி, உள்ளே வரும்போது தட்டினால், சக்கரங்கள் முன்புறம் விரிந்து நிற்கின்றன என்று அர்த்தம். உள்ஓரம் தேய்வதற்கு இதுவும் காரணம். உள்ளே வரும்போது வழுக்கி, வெளியே போகும்போது தட்டினால் சக்கரங்கள் முன்புறம் குவிந்து நிற்கின்றன.

டோவில் சிறு பிழை என்று அலட்சியம் செய்பவர்களுக்காக ஒரு கணக்குச் சொல்கிறேன். சக்கரம் போக வேண்டிய திசையிலிருந்து 0.1 டிகிரி விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 1.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. 10,000 கிலோமீட்டரில் 17 கிலோமீட்டர். மணலியிலிருந்து சென்ட்ரல் தாண்டியும் ஒரு ரப்பர் துண்டைத் தாரில் தேய்த்துக்கொண்டே போவதாக நினைத்துப் பாருங்கள்.

வண்டி நேராக ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டு சக்கரங்களும் சம அளவில் தவறாக நின்றால் வண்டி அம்பு போல நேராகத்தான் ஓடும், டயர்தான் கரையும். உங்களுக்கு ஒன்று மட்டும் கரைவதால் இடப்பக்கக் கேம்பர் மேல் எனக்குச் சந்தேகம். பல சிறிய கார்களில் முன்சக்கரத்தில் டோவை மட்டுமே திருத்த முடியும், கேம்பருக்குத் திருகாணி கிடையாது. அதனால் கேம்பர் சிவப்பில் நின்றாலும் டோவைப் பச்சையாக்கிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இனி செய்யும்போது, திருத்துவதற்கு முன் எடுத்த அளவும் பின் எடுத்த அளவும் இருக்கும் தாளைக் கேட்டு வாங்குங்கள். இடக் கேம்பருக்கும் வலக் கேம்பருக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், அலைன்மென்ட்டை நிறுத்திவிட்டு வளைந்த பாகத்தைத் தேடச் சொல்லுங்கள்.

அந்த மொட்டை டயரை நீங்கள் ஓட்டக் கூடாது. ஆனால் காரணம் தெரியும்வரை அதை எடைக்கும் போட்டுவிடாதீர்கள். நடந்ததற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

கேள்வி: டயரின் இரண்டு ஓரங்களும் தேய்கின்றன, நடுப்பகுதி தேயவில்லை. வாரம் ஒருமுறை பெட்ரோல் பங்கில் காற்று பார்க்கிறேன். நைட்ரஜன் போட்டால் சரியாகுமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு; நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். நீங்கள் வாரந்தோறும் பார்த்தும் குறைகிறதென்றால், பார்க்கும் நேரம் தவறாக இருக்க வேண்டும். வெயிலில் ஓட்டிக்கொண்டு போய்ச் சூடான டயரில் அளந்தால் அழுத்தம் நான்கு, ஐந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும். பங்கில் இருப்பவர் அதை இறக்கிவிடுவார். இரவு டயர் ஆறியதும் உங்களுக்கு வேண்டியதைவிடக் குறைவாகிவிடும். காலையில் வண்டியை எடுக்கும் முன் வீட்டு வாசலிலேயே அளக்க, கையடக்க அளவுமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். டயரின் மேல் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சரியான நேரத்தில் அளந்தால் சாதாரணக் காற்றே போதும்.

கேள்வி: கணவர் மறைந்தபின் அவருடைய கார் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. மாதம் ஓரிரு முறை நான் ஓட்டுகிறேன். கிளம்பியதும் 'தடக் தடக்' என்று அடிக்கிறது. மூலகொத்தளம் தாண்டுவதற்குள் அடங்கிவிடுகிறது. மெக்கானிக் டயர் மாற்றச் சொல்கிறார். வண்டி 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, பட்டன் நிறைய இருக்கிறது. ஏமாற்றுகிறாரா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: அம்மா, அந்தத் தடக் தடக் சத்தத்துக்காக மட்டும் டயர் மாற்ற வேண்டியதில்லை. ஒரே இடத்தில் வாரக்கணக்கில் நிற்கும்போது, தரையில் படும் பகுதி வண்டியின் பாரத்தில் தட்டையாகிவிடுகிறது. ஓடிச் சூடு ஏறியதும் மறுபடி உருண்டையாகிறது. அதனால்தான் கொஞ்ச தூரத்தில் அடங்கிவிடுகிறது. நிற்கும் நாள்களில் காற்றைக் குறையாமல் வையுங்கள். வாரம் ஒருமுறை அரை அடியாவது நகர்த்தி நிறுத்துங்கள்.

ஆனால் மெக்கானிக்கை உடனே சந்தேகிக்காதீர்கள். அவர் டயரின் வயதைப் பார்த்திருக்கலாம். நீங்களே பார்க்க முடியும். பக்கச்சுவரில் டிஓடி என்று ஆங்கிலத்தில் தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் கடைசியில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள். 3516 என்றிருந்தால் 2016-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. வெளிப்பக்கம் தெரியவில்லையென்றால் உள்பக்கச் சுவரில் இருக்கும், டார்ச் வேண்டும். டயர் ஆறு வயதைத் தாண்டியிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் ஓடினால் மட்டும் முதுமை அடைவதில்லை. வெயிலில் சும்மா நின்றாலும் இறுகி, வறண்ட ஏரியைப் போலப் பக்கச்சுவரில் கீறல் விடும். விரலால் பக்கச்சுவரை அழுத்திப் பாருங்கள், கீறல் வாய் திறந்தால் அந்த டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். புடைப்பு இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள், அதுதான் எல்லோரும் மறக்கும் ஐந்தாவது டயர்.

அவருடைய காரைப் பராமரித்து ஓட்டுகிறீர்கள். நிறைவாக இருக்கிறது, அம்மா.

கேள்வி: இரண்டு டயர் வாங்கத்தான் கையில் பணம் இருக்கிறது. முன்னால் போடுவதா, பின்னாலா? சத்தமே போடாத டயர் எந்தக் கம்பெனியுடையது?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: பின்னால் போடுங்கள். வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம் என்பதால் புதியது முன்னால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடைகளிலும் அப்படியே போட்டுவிடுகிறார்கள். மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் முன் டயர் பிடிப்பை இழந்தால் வண்டி நேராகச் சறுக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்பும். பின் டயர் பிடிப்பை இழந்தாலோ வண்டி பம்பரமாகச் சுற்றிவிடும். அதை அடக்கும் கை பெரும்பாலானவர்களிடம் இல்லை. டயர் செய்பவர்களும் இதையே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் முன்னால் வரும் பழைய டயர்களில் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேட்டின் மட்டத்துக்குப் பட்டன் தேய்ந்திருந்தால், அதாவது 1.6 மில்லிமீட்டர் வந்துவிட்டால், அவையும் ஓடத் தகுதியற்றவை. புது டயரில் ஏறத்தாழ 8 இருக்கும். மழைக்காலத்துக்கு 3 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது என் கருத்து.

கம்பெனி பெயரை நான் சொல்ல மாட்டேன். 1946-இல் உங்கள் ஊரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியவர்கள்தான் பின்னாளில் எம்ஆர்எஃப் ஆனார்கள். டயர் தயாரிப்புக்கு வந்தது 1961-இல். டயரைப் பற்றித் திருவொற்றியூர்க்காரருக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? எந்தக் கம்பெனி டயரும் சாய்ந்த சக்கரத்தில், கிழிந்த புஷ்ஷில், செத்துப்போன ஷாக் அப்சார்பரில் போட்டால் சத்தம் போடும். பழைய பின் டயரில் ஓர் அடிக்கு ஒன்றாகக் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. டிக்கியின் மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தாலோ அதை முதலில் மாற்றுங்கள். கடல்காற்றில் நிற்கும் வண்டிகளில் அதன் அடிக்கிண்ணம் துருப்பிடித்துக் கிழிவதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தால் கையில் இருக்கும் பணத்தில் இந்த மாதம் ஷாக் அப்சார்பர் இரண்டு, அடுத்த மாதம் டயர் இரண்டு.